தாழ்ந்த ஒலியைத் தேடிய கதை



சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன் எங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பத்தார் புதிய ஒலிபெருக்கித் தொகுதி ஒன்றை வாங்கினார்கள். தொலைக்காட்சிக்கு இரு பக்கமும் நிற்கும் சிறு ஒலிபெருக்கிகளோடு, தரையில் வைப்பதற்கென்று கனத்த கறுப்புப் பெட்டி ஒன்றும் வந்தது. அந்தப் பெட்டியைத்தான் சப்வூஃபர் என்கிறோம். 'பேஸ் பெட்டி' என்று சொல்வாரும் உண்டு. தவணை முறையில் வாங்கிய பொருள் அது. தந்தையும் தாயும் செம்பனைக் காட்டில் உழைத்துச் சேர்த்த காசில் மாதந்தோறும் ஒரு பங்கு அதற்குப் போயிற்று.

ஒரு மாதம் கழித்து அந்தத் தந்தை பள்ளிக்கு வந்தார். அவர் மகன் என்னிடம் படிப்பவன். "சார், கடையில போட்டுக் காட்டினப்ப நெஞ்சே அதிர்ந்துச்சு. வீட்டுல ஒண்ணும் கேக்கல. சத்தத்தக் கூட்டினா பக்கத்து வீட்டு அண்ணன் பலகையத் தட்டுறாரு. இப்ப அவருக்கும் எனக்கும் பேச்சே இல்ல" என்றார்.

மாலையில் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது முழுக்க உண்மை. அறையின் நடுவில் இருந்த நாற்காலியில் அமர்ந்தால் மேள ஒலி மெலிந்து கேட்டது. எழுந்து சுவரோரம் நின்றால் அதே ஒலி குமுறியது. பலகைச் சுவருக்கு அப்பால், விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்குப் போக வேண்டியவர் தூக்கமின்றிப் புரண்டுகொண்டிருந்தார். கேட்க விரும்பியவருக்குக் கேட்கவில்லை. கேட்க விரும்பாதவருக்குக் கேட்டது.

பெட்டி பழுதா? இல்லை. கடைக்காரர் ஏமாற்றினாரா? அதுவும் இல்லை. தாழ்ந்த ஒலி என்பதன் இயல்பே அப்படி. அந்த இயல்பை அறிய மனிதனுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த வரலாறு தெரிந்தால் எந்தப் பெட்டியை வாங்குவது, எங்கே வைப்பது, எப்படித் திருப்புவது என்பவை தாமே விளங்கும். அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ஒலி என்பது காற்றின் அசைவு. ஒரு பொருள் ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை ஹெர்ட்ஸ் என்னும் அளவால் குறிக்கிறோம். மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆண்மகன் பேசும் குரல் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் அளவிலிருந்து தொடங்குகிறது. மேல்நாட்டு வாத்தியமான டபுள் பேஸின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். இந்தக் கீழ்க்கோடியில் உள்ள ஒலியை ஒலிப்பதே சப்வூஃபரின் வேலை.

தாழ்ந்த ஒலிக்கு எது தேவை என்பதை நம் மிருதங்க வித்துவான்கள் நெடுங்காலமாக அறிவார்கள். மிருதங்கத்தின் இடப்பக்கத்தைத் தொப்பி என்பர். கச்சேரிக்கு முன் ரவையை நீரில் குழைத்து அந்தத் தோலின் நடுவில் அப்புவார்கள். தோல் கனக்கிறது, கனத்த தோல் மெதுவாக அசைகிறது, மெதுவான அசைவு தாழ்ந்த ஒலியாகிறது. நம் வாத்தியங்களின் தோலில் ஏற்றப்படும் பசை ஒலியை எப்படி ஒழுங்குபடுத்துகிறது என்பதைச் சர் சி. வி. இராமன் ஆராய்ந்து 1920ஆம் ஆண்டிலும் 1934ஆம் ஆண்டிலும் எழுதினார். சப்வூஃபரின் கூம்பு கனமாக இருப்பதற்கும் இதுவே காரணம். ரவை அப்பிய தொப்பியும் பேஸ் பெட்டியின் கூம்பும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

ஆனால் இயந்திரத்தின் வழியே அந்த ஒலியைத் திரும்பக் கேட்பது எளிதாக இருக்கவில்லை. எடிசன் 1877ஆம் ஆண்டில் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தார். அதன் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் மின்சாரத்தின் துணையின்றியே ஒலிப்பதிவு நடந்தது. பாடகரும் வாத்தியக்காரரும் ஒரு பெரிய புனலின் முன் நெருங்கி நின்று பாட, அந்தக் காற்றின் வலிமையே ஊசியை அசைத்தது. தாழ்ந்த ஒலி அதில் பதியவே இல்லை. டபுள் பேஸுக்குப் பதிலாக டியூபா என்னும் ஊதுகருவியை வைத்துக்கொண்டார்கள். பெரிய முரசுகளை ஒதுக்கிவிட்டார்கள். அந்தக் காலத்து இசைத்தட்டுகள் குடத்துக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1925ஆம் ஆண்டு திருப்புமுனையாக அமைந்தது. அவ்வாண்டில் மின்முறை ஒலிப்பதிவு வணிகத்துக்கு வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்னும் இருவர் புதுவகை ஒலிபெருக்கியைப் பற்றி ஆய்வுரை வெளியிட்டனர். காந்தத்தின் இடையே ஒரு கம்பிச்சுருள். சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. மின்னோட்டம் மாறும்போது சுருள் முன்னும் பின்னும் அசையும், கூம்பும் காற்றைத் தள்ளும். இன்று நம் வீடுகளில் உள்ள ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை இந்த முறையிலேயே இயங்குகின்றன.

அவர்கள் ஓர் இடையூற்றையும் கண்டார்கள். கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று தளர்கிறது. முன்னே நெருங்கிய காற்று விளிம்பைச் சுற்றி ஓடிப் பின்னே உள்ள வெற்றிடத்தை நிரப்பிவிடுகிறது. ஊஞ்சலை இருவர் எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் தள்ளினால் அது நகருமா? அதுபோல் ஒலி தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. மேல்தொனிகளில் இது பெரிதாகத் தெரியாது. தாழ்ந்த தொனிகளில் ஒலியையே விழுங்கிவிடும். முன்னையும் பின்னையும் பிரிக்க ஒரு தடுப்பு வேண்டும் என்று ரைஸும் கெல்லாக்கும் காட்டினார்கள். ஒலிபெருக்கிக்குப் பெட்டி வந்த காரணம் இதுதான். பெட்டி அழகுக்காக அன்று. பெட்டியில் விரிசல் விட்ட சப்வூஃபரும் ஆணி தளர்ந்த சப்வூஃபரும் நன்றாக ஒலிக்காததற்குக் காரணமும் இதுதான்.

பெட்டியைப் பற்றிய ஆராய்ச்சி பிறகு இரு கிளைகளாகப் பிரிந்தது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் என்பவர் 1930ஆம் ஆண்டில் ஒரு வழியைக் காப்புரிமைக்காகப் பதிவு செய்தார். பெட்டியில் ஒரு துளை வைத்து, பின்பக்கத்துக் காற்றை வீணாக்காமல், முன்பக்க ஒலிக்குத் துணையாக வெளியே விடுவது அவர் முறை. வெறும் புட்டியின் வாயில் ஊதினால் 'பூ' என்று ஓர் ஒலி எழுகிறதே, அதே தத்துவம். இன்று கடையில் பெட்டியின் பக்கத்திலோ பின்புறத்திலோ வட்டமான குழாய்த் துளை கண்டால் அது துராஸின் வழி வந்தது என்று அறியலாம்.

மற்றொரு கிளை 1954ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்கு முன்னெல்லாம் ஆழ்ந்த ஒலி வேண்டுமென்றால் அலமாரி அளவுப் பெட்டி வேண்டும். எட்கர் வில்சர் என்னும் ஆசிரியர் வேறு விதமாகச் சிந்தித்தார். கூம்பைத் தளர்வாகத் தொங்கவிட்டு, துளையே இல்லாத சிறு பெட்டியில் அடைத்து, உள்ளே சிறைப்பட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தினார். அவரும் அவருடைய மாணவராக இருந்த ஹென்றி குளாஸும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் இத்தகைய பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. புத்தக அடுக்கில் வைக்கத்தக்க பெட்டி, அலமாரிப் பெட்டியைப்போல் ஆழ்ந்து ஒலித்தது. உலகம் வியந்தது.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. சிறு பெட்டிக்கு அதிக மின்சக்தி தேவைப்பட்டது. அந்தத் துறையில் உழைத்த ஆன்டன் ஹாஃப்மன் என்பவரின் பெயரால் ஒரு விதி வழங்குகிறது. பெட்டி சிறிதாக இருத்தல், ஒலி ஆழமாக இருத்தல், குறைந்த மின்சக்தியில் உரக்க ஒலித்தல் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒருவர் பெற முடியும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். சிறிய பெட்டி, மலிவு விலை, பூமி அதிரும் ஓசை என்று யாரேனும் சொன்னால் இந்த விதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கூம்பின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே வலிமையோடு ஒலிக்க நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு பங்கு காற்று போதுமென்றால், 40 ஹெர்ட்ஸில் நான்கு பங்கு, 20 ஹெர்ட்ஸில் பதினாறு பங்கு. ஆகவேதான் உள்ளங்கை அளவுக் கூம்பு எவ்வளவு கத்தினாலும் ஆழத்துக்கு இறங்குவதில்லை.

துளைப் பெட்டியை எவ்வளவு பெரிதாகச் செய்வது, துளையை எவ்வளவு நீளமாக வைப்பது என்பவை நெடுநாள் அனுபவக் கைவேலையாகவே இருந்தன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல் 1961ஆம் ஆண்டில் அதைக் கணக்காக்கிக் காட்டினார். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை விரிவாக்கினார். ஒலிபெருக்கியின் சில அளவுகளை அளந்தாலே அதற்கேற்ற பெட்டியைக் கணக்கிட்டுவிடலாம் என்றாயிற்று. இன்று உலகெங்கும் பெட்டி செய்வோர் இவ்விருவர் பெயரால் வழங்கும் அளவுகளையே பயன்படுத்துகிறார்கள்.

தாழ்ந்த ஒலிக்கென்று தனிப் பெட்டி வைக்கும் வழக்கம் 1960களில் வேர்விட்டது. 1968ஆம் ஆண்டில் தொடங்கிய இன்ஃபினிட்டி என்னும் அமெரிக்க நிறுவனம், 18 அங்குலக் கூம்பு கொண்ட தனிப் பெட்டியோடு தன் முதல் தொகுதியை வெளியிட்டது. அது செல்வர் வீட்டுப் பொருள். பொதுமக்களுக்கு அந்த அனுபவத்தைக் காட்டியது திரையரங்குதான். 1974ஆம் ஆண்டில் 'எர்த்குவேக்' என்னும் நிலநடுக்கப் படத்துக்காக 'சென்சரவுண்ட்' முறையில் பெரும் பெட்டிகளை அரங்குகளில் வைத்தார்கள். ஹாலிவுட்டில் ஓர் அரங்கில் கூரைச் சாந்து உதிராமலிருக்க வலை கட்ட வேண்டியதாயிற்று. 1992ஆம் ஆண்டில் டால்பி டிஜிட்டல் முறை திரைக்கு வந்தபோது, ஐந்து ஒலிவழிகளோடு தாழ்ந்த ஒலிக்கென்று தனிவழியும் சேர்ந்தது. கடைப்பெட்டிகளில் '5.1' என்று அச்சிட்டிருப்பார்களே, அதில் புள்ளிக்குப் பின் உள்ள ஒன்று இதுதான். 1996ஆம் ஆண்டில் ஜப்பானில் டிவிடி வெளிவந்த பின் அந்த முறை வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

இதுவரை பெட்டியின் வரலாறு. ஆனால் என் நண்பர் வீட்டுச் சிக்கல் பெட்டியில் இல்லை; அறையில் இருந்தது. இனி அறைக்கு வருவோம்.

ஒலி காற்றில் ஒரு விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் ஓடுகிறது. அதை அதிர்வெண்ணால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் கிடைக்கும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஒரு முழத்துக்கும் குறைவு. 43 ஹெர்ட்ஸ் ஒலியின் அலையோ 8 மீட்டர். நான்கு மீட்டர் நீள அறையில் அந்த அலை பாதிதான் அடங்கும். சுவரில் மோதித் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் கலக்க, சுவரோரம் ஒலி பெருகுகிறது. அறையின் நடுவில் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மறைகிறது. இங்கிலாந்தின் ரேலே பிரபு தம் ஒலியியல் நூலில் இத்தகைய அசைவுகளை விளக்கியுள்ளார். அந்நூலின் முதல் பகுதி வெளிவந்தது 1877ஆம் ஆண்டில். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்த அதே ஆண்டு! விடை நூலில் இருந்தது. அது வீட்டுக்கு வந்து சேரத்தான் காலமாயிற்று.

மூலையின் சிறப்பை முதலில் நன்கு பயன்படுத்தியவர்களுள் ஒருவர் பால் கிளிப்ஷ். 1940களில் அவர் செய்த பெட்டியை அறையின் மூலையில்தான் வைக்க வேண்டும். இரண்டு சுவர்களும் தரையும் அதன் புனலின் தொடர்ச்சியாகிவிடும். மூலையில் வைத்த பெட்டி உரத்து ஒலிக்கும் என்பது இன்றும் உண்மை. எனினும் மூலை அறையின் எல்லாக் குமுறல்களையும் ஒருசேர எழுப்பும். ஒரு சுரம் பெருகி மற்றொரு சுரம் அமுங்கிப்போகும். அமெரிக்காவில் டாட் வெல்டி 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்த இரண்டு பெட்டிகள் அறை முழுவதும் ஒலியை நன்கு சமப்படுத்தும் என்று காட்டியது. ஆகவே பணம் கூடும் காலத்தில் ஒரு பெரும் பெட்டியைவிட இரண்டு நடுத்தரப் பெட்டிகளே பல வீடுகளுக்குப் பொருந்தும்.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடங்களைச் சுருக்கிச் சொல்கிறேன்.

வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட வாட் எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் எண், கண்ணிமைக்கும் நேர உச்சத்தைச் சொல்வதாகக் கூறும் விளம்பர எண். 'ஆர்.எம்.எஸ்.' என்பதே தொடர்ந்து தரக்கூடிய சக்தி. அதைக் கேளுங்கள். எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்றும் கேளுங்கள். பெட்டியை விரலால் தட்டிப் பாருங்கள். வெற்றுத் தகரம்போல் அதிராமல் கட்டியாக ஒலிக்க வேண்டும். துளையில்லாப் பெட்டி பாட்டின் தாளத்தைத் தெளிவாகத் தரும், இடமும் குறைவாகக் கொள்ளும். துளைப் பெட்டி அதே சக்தியில் உரத்து ஒலிக்கும். ஆனால் தன் எல்லைக்குக் கீழே திடீரென்று விழுந்துவிடும். சிறிய அறைக்கு எட்டு அல்லது பத்து அங்குலக் கூம்பு போதும்.

வைக்கும்போது ஒரு வேடிக்கையான முறை உண்டு. நீங்கள் அமரும் நாற்காலியை அகற்றி, அந்த இடத்தில் பெட்டியை வையுங்கள். நன்கு தெரிந்த ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, அறையின் ஓரங்களில் குனிந்தபடி மெல்ல நடந்து கேளுங்கள். எந்த இடத்தில் தாழ்ந்த சுரங்கள் எல்லாம் சமமாகவும் தெளிவாகவும் கேட்கின்றனவோ அங்கே பெட்டியை வைத்துவிட்டு நாற்காலியைப் பழைய இடத்தில் போடுங்கள். பெட்டியும் செவியும் இடம் மாறினாலும் இடைப்பட்ட அறை செய்யும் வேலை ஒன்றேதான். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், ஓர் அறிவியல் பாடமும் கற்பார்கள். ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் அறியாது. ஆதலால் பெட்டி தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும் என்பதில்லை. நாற்காலியை மட்டும் அறையின் சரிநடுவில் போடாதீர்கள்.

திருப்பும்போது, பெட்டியின் பின்னால் உள்ள பிரிப்புக் குமிழை 80 அளவில் வைத்துத் தொடங்குங்கள். மற்ற ஒலிபெருக்கிகள் மிகச் சிறியவையானால் 100 அல்லது 120 வரை ஏற்றலாம். 0, 180 என்று ஒரு விசை இருக்கும். இரண்டு நிலையிலும் கேட்டு, எதில் தாழ்ந்த ஒலி நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள். ஊஞ்சலை இருவரும் ஒரே பக்கம் தள்ளச் செய்வதே அந்த விசையின் வேலை. ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் 1933ஆம் ஆண்டில் ஓர் உண்மையை அளந்து காட்டினர்: ஒலி மெலியும்போது நம் காது தாழ்ந்த தொனிகளைத்தான் முதலில் இழக்கிறது. ஆகவே வழக்கமாக எந்த அளவில் கேட்பீர்களோ அந்த அளவில் வைத்தே பேஸ் குமிழைத் திருப்புங்கள். பெட்டி ஒலிப்பது தெரியக்கூடாது. நிறுத்தினால் குறை தெரிய வேண்டும். அதுவே சரியான அளவு.

கடைசியாக ஒன்று. தாழ்ந்த ஒலியைத் தடுப்பது சுவரின் கனம். மெல்லிய பலகைச் சுவர் பேச்சொலியை ஓரளவு தடுக்கும். முரசொலியை ஏறத்தாழ அப்படியே விட்டுவிடும். லயத்து வீடானாலும் அடுக்குமாடி வீடானாலும், பொதுச்சுவரில் பெட்டியைச் சாய்த்து வைத்தால் பாதி இசை அடுத்த வீட்டுக்குப் போகும். பெட்டியின் அடியில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டால் தரைவழி ஓடும் அதிர்வு குறையும். நம் பெரியவர்கள் வெட்டிய பாலில் விளைந்த பொருள் இந்த வகையிலும் உதவட்டும். ஆனால் காற்றுவழி செல்லும் ஒலியை ரப்பர் தடுக்காது. அதற்கு மருந்து குமிழைக் குறைப்பது ஒன்றே.

அந்த நண்பர் வீட்டில் நாங்கள் ஒரு வெள்ளியும் செலவு செய்யவில்லை. நாற்காலிகளை நடுவிலிருந்து பின்சுவர்ப் பக்கம் நகர்த்தினோம். பொதுச்சுவரோரம் இருந்த பெட்டியை வெளிச்சுவர்ப் பக்கம் மாற்றினோம். குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கினோம். தந்தை அமர்ந்து கேட்டார். சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அண்ணே, இப்ப அங்க கேக்குதா? கொஞ்சம் வந்து சொல்லுங்க" என்றார். பல வாரங்களுக்குப் பின் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

விலையுயர்ந்த பொருளை வாங்க உழைப்பு போதும். அதைப் பயன்கொள்ள அறிவு வேண்டும். அதைக் கொண்டு மகிழ அண்டை வீட்டாரின் நிம்மதியும் வேண்டும். ஒலியின் வரலாறு நமக்குச் சொல்லும் செய்தி இது.